ஒப்புதல் படிவத்தில் உங்கள் பெயர் வேண்டாம்

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் 38 முதியவர்கள் தங்கியிருக்கும் இல்லத்தை நடத்தி வருகிறேன். அவர்களில் 11 பேருக்கு மறதி நோய் இருக்கிறது. பெரும்பாலானோர் பாபநாசம், வலங்கைமான், குடவாசல் பக்கத்தில் வயல் வேலை செய்தவர்கள், படிக்கத் தெரியாதவர்கள். இருவருக்கு உறவினர் என்று சொல்ல யாருமில்லை. மறதி நோயாளிகள் இரவில் கலவரப்படுவதைக் குறைக்கும் ஒரு புதிய மருந்தைப் பரிசோதிக்க ஒரு மருத்துவக் குழுவினர் எங்கள் இல்லத்தை அணுகியிருக்கிறார்கள். 'நீங்கள்தானே இவர்களுக்குக் காப்பாளர், நீங்கள் கையெழுத்திட்டால் போதும்' என்கிறார்கள். இல்லத்துக்கு 10 காற்றுப் படுக்கைகளும் ஓர் இன்வெர்ட்டரும் தருவதாகவும், ஐப்பசி முடிவதற்குள் பதில் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நான் கையெழுத்திடலாமா? மறுத்துவிட்டால் எங்கள் முதியவர்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல மருந்தைத் தடுத்த பாவம் எனக்கு வந்துவிடுமா?

பதில்:

மதிப்பிற்குரிய சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு என் பதில் சுருக்கமானது: கையெழுத்திடாதீர்கள். இரண்டாவது கேள்விக்கு அப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. ஆய்வையே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்வது எனக்கு எளிது, உங்கள் முதியவர்களுக்கு நன்மை என்று மட்டும் சொல்ல முடியாது. மருந்தியல் பேராசிரியராகவும், பின்னர் பல ஆண்டுகள் மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒன்றின் உறுப்பினராகவும் இதே டெல்டாவில் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த இரண்டு பதில்களும் ஏன் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பதை விளக்க முயல்கிறேன்.

முதலில் ஆய்வுக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். மறதி நோயாளி இரவில் எழுந்து அலைவதும், கத்துவதும், பராமரிப்பவரை அடிக்க வருவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கென்று நெடுங்காலமாக மனநோய் மருந்துகளை மருத்துவர்கள் எழுதிக் கொடுத்து வந்தார்கள். இளம் வயதினரிடமும் நடுத்தர வயதினரிடமும் பலன் தந்த மருந்து முதியவருக்கும் பலன் தரும் என்பது நம்பிக்கையாக இருந்தது. மறதி நோய் கொண்ட முதியவர்களையே சேர்த்து நடத்தப்பட்ட 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான், அந்த மருந்துகளை உட்கொண்டவர்களின் இறப்பு விகிதம், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை உட்கொண்டவர்களைவிட ஏறக்குறைய 1.6 முதல் 1.7 மடங்கு என்பது வெளியே வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இல் அந்த மருந்துகளின் உறைகளில் கடுமையான எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டது. பத்து வார ஆய்வொன்றில் மருந்து உட்கொண்ட நூறு பேரில் நாலைந்து பேரும், வெறும் மாத்திரை உட்கொண்ட நூறு பேரில் இரண்டு மூன்று பேரும் இறப்பது என்ற அளவிலான வேறுபாடு அது. எந்த ஒரு மருத்துவரும், எந்த ஓர் இல்லப் பொறுப்பாளரும் தம் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எண்பது வயதில் ஒருவர் இறந்தால் வயதாகிவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். ஆகவே, பராமரிப்பில் இருக்கும் முதியவர்களை ஆய்விலிருந்து முற்றாக விலக்கி வைப்பது அவர்களைக் காப்பதாகாது. பரிசோதிக்கப்படாத மருந்தைக் கணக்கு வழக்கில்லாமல் அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதாகவே அது முடியும்.

ஆனால் பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஆய்வுகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1963-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் நாட்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில், தளர்ந்துபோன 22 நோயாளிகளின் உடலில் உயிருள்ள புற்றுநோய்ச் செல்களை ஊசி மூலம் செலுத்தினார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கும் சோதனை என்று சொன்னார்களே தவிர, செலுத்தப்படுவது புற்றுநோய்ச் செல் என்று சொல்லவில்லை. அங்கே பணியாற்றிய மூன்று இளம் மருத்துவர்கள் இதில் பங்கேற்க மறுத்துப் பதவி விலகினார்கள். அவர்களின் விலகலைத் தொடர்ந்துதான் விஷயம் வெளியே வந்தது. நம் நாட்டிலும், 2009-2010 ஆண்டுகளில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தபோது, விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்கான ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டு, நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் காப்பாளர்கள் தீயவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. சோறும் உறைவிடமும் தருகிறவர் நல்லதைத்தான் செய்வார் என்று மேலே இருந்தவர்களும், நாம் சொன்னால் போதும் என்று அவர்களும் நினைத்திருப்பார்கள். உங்களிடம் இப்போது கேட்கப்படுவது அதே கையெழுத்துதான்.

அந்தக் கையெழுத்து ஏன் செல்லாது என்று பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஆய்வில் சேர்பவர் தாமே விரும்பி, புரிந்துகொண்டு, எழுத்து மூலமாக ஒப்புதல் தர வேண்டும். அவரால் இயலாதபோது மட்டும், சட்டப்படி ஏற்கத்தக்க ஒரு பிரதிநிதி அவருக்காகத் தரலாம். இல்லத்தின் பொறுப்பாளர் என்பதனால் மட்டும் நீங்கள் அந்தப் பிரதிநிதி ஆகிவிடுவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் சார்பில் செயல்படும் நியமிக்கப்பட்ட பிரதிநிதி என்ற ஏற்பாட்டில் பராமரிப்பவருக்கும் ஓர் இடம் தருகிறது என்பதை அவர்கள் உங்களிடம் எடுத்துக் காட்டக்கூடும். ஆனால் அதே சட்டத்தின் 99-ஆம் பிரிவு, தானே ஒப்புதல் தர இயலாத, அதே சமயம் பங்கேற்பை எதிர்க்காத ஒருவரை ஆய்வில் சேர்ப்பதற்கு மாநில மனநல ஆணையத்தின் அனுமதியை வேண்டுகிறது. ஒப்புதல் தரும் திறனுள்ளவர்களிடமே இந்த ஆய்வை நடத்திவிட முடியாதா என்ற கேள்விக்கும் அங்கே ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டும். 'நீங்கள் கையெழுத்திட்டால் போதும்' என்று சொன்னவர்கள் இந்தப் பிரிவைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் உங்களிடம் சொல்லவில்லை. இரண்டில் எதுவானாலும் நீங்கள் கவனிக்க வேண்டியது அது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் காற்றுப் படுக்கைகள் இருக்கின்றன. படுக்கைப்புண் வந்த உடம்பைத் திருப்பிப் போட்டுத் துடைத்தவர்களுக்குத்தான் அந்தப் படுக்கையின் அருமை தெரியும். அதை விரும்புவதில் தவறேதுமில்லை. ஆயினும், முதியவர் ஆய்வில் சேர்ந்தால் இல்லத்துக்கு ஒரு பொருள் வரும் என்ற நிலையில், இல்லத்தை நடத்துபவரே அவருக்காக ஒப்புதல் தரக்கூடாது. படுக்கையும் இன்வெர்ட்டரும் உண்மையிலேயே முதியவர்களின் நலனுக்குத்தான் என்றால், ஒருவர்கூட ஆய்வில் சேராவிட்டாலும் அவற்றைத் தருவீர்களா என்று கேளுங்கள். இந்த அன்பளிப்பு பற்றி நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் தெரிவித்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று இல்லத்துக்குப் பணம் பேசினால், பேச்சை அத்துடன் முடித்துவிடலாம்.

படிவத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. நான் குழுவில் இருந்த காலத்தில், ஓர் ஆய்வில் சேர்ந்திருந்த மூதாட்டி ஒருவரின் ஒப்புதல் ஒளிப்பதிவைப் பார்த்தேன். ஆய்வாளர் வாசித்துக்கொண்டே போகிறார், அம்மையார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சரிங்கய்யா' என்று தலையசைக்கிறார், கடைசியில் கைநாட்டு வைக்கிறார். விதிகளின்படி குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் குழுவின் சார்பில் இருவர் நேரில் சென்று, 'அம்மா, அன்றைக்கு எதற்காகக் கைநாட்டு வைத்தீர்கள்?' என்று கேட்டபோது, 'ஓ.ஏ.பி. பணத்துக்குத்தான்' என்றார். முதியோர் உதவித்தொகைக்கான படிவம் என்று அவர் முழு மனதோடு நம்பியிருந்தார். நம் பகுதியில் மிராசுதார் முன்னாலும், கிராம நிர்வாக அலுவலர் முன்னாலும், டாக்டர் முன்னாலும் வாழ்நாள் முழுவதும் 'சரிங்கய்யா' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தச் சொல் சம்மதத்தைக் குறிப்பதில்லை, மரியாதையைக் குறிக்கிறது. அன்றிலிருந்து, ஒப்புதல் பெற்ற பிறகு முதியவர் தம் சொந்த வார்த்தைகளில் அதைத் திருப்பிச் சொன்னாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எனவே உங்கள் 11 பேரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மறதி நோய் என்று ஏட்டில் எழுதப்பட்டிருப்பதாலேயே ஒருவர் எதையும் தீர்மானிக்க இயலாதவர் ஆகிவிடுவதில்லை. காலையில் குளித்துச் சாப்பிட்ட பிறகு தெளிவாகப் பேசுபவர், மாலை வெளிச்சம் மங்கியதும் குழம்பிப்போவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். விளக்கம் சொல்வதும் ஒப்புதல் கேட்பதும் அந்தக் காலை நேரத்தில் நடக்க வேண்டும், ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று முறை நடக்க வேண்டும். முதியவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: இது புது மருந்து, பலன் தருமா என்று இன்னும் தெரியாது. உங்களுக்கு மருந்தும் வரலாம், அதே நிறத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரையும் வரலாம், எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. வேண்டாம் என்றால் இங்கே உங்கள் சோற்றிலும் கவனிப்பிலும் ஒரு குறையும் வராது. பாதியில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. இவ்வளவையும் தம் ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்ல முடிந்தவர், தம் முடிவைத் தாமே எடுக்கட்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவோடு தொடர்பில்லாத பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் விளக்கத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்தச் சாட்சியாக உங்கள் பணியாளர்களையும் அனுப்பாதீர்கள். ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கேட்டால் மறுக்கமாட்டார். இதுவரை மனிதரில் பயன்பாட்டுக்கு வராத புத்தம் புதிய மூலக்கூறு என்றால், உங்கள் முதியவர்களைப் போன்றவர்களிடம் ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி-ஒளிப் பதிவு செய்து வைப்பதும் கட்டாயம்.

தாமே தீர்மானிக்க இயலாதவர்களுக்கு மகனோ மகளோ பிரதிநிதியாகலாம். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பார்கள். தொலைபேசியில் 'நீங்கள் பார்த்து எது செய்தாலும் சரிதான் அக்கா' என்று அவர்கள் சொல்வதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வு மருத்துவரே அவர்களிடம் நேரில் பேசி, விளக்கத் தாளைப் படிக்கக் கொடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும் என்று உங்களை அவசரப்படுத்துவது ஆய்வாளரின் நாள்காட்டி. பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். உண்மையான ஆய்வு இரண்டரை மாதத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது.

உறவினர் யாருமில்லாத அந்த இருவரையும், அவர்களால் தாமே முடிவெடுக்க இயலாது என்றால், இந்த ஆய்வில் சேர்க்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. சட்டத்தில் ஏதாவது ஒரு வழி இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், ஏன் என்று கேட்க வெளியில் ஒருவரும் இல்லை. அத்தகையவரை வைத்து ஓர் எண்ணிக்கையைக் கூட்டும் தேவை எந்த ஆய்வுக்கும் இருக்கக்கூடாது.

இன்னொன்று, எந்தப் படிவமும் எடுத்துச் சொல்லாதது. மகன் கையெழுத்திட்டுவிட்ட பிறகும், மாத்திரையைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்பவர், இரத்தம் எடுக்க வரும்போது கையை இழுத்துக்கொள்பவர், ஆய்வுப் பணியாளரைப் பார்த்ததும் சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்பவர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். எதிர்க்காதவரை மட்டுமே பிரதிநிதியின் ஒப்புதலோடு சேர்க்கலாம் என்று நான் மேலே சொன்ன பிரிவு கூறுவதும் இதைத்தான். எந்த அசைவு முதுமையின் வழக்கமான பிடிவாதம், எந்த அசைவு மறுப்பு என்பதை மாதம் ஒருமுறை வரும் மருத்துவரால் பிரித்தறிய முடியாது; குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிவிடும் உங்கள் ஆயாக்களால் முடியும். அவர்கள் சொல்வதை ஆய்வுக் குழு எழுத்தில் பதிய வேண்டும் என்றும், இரண்டு முறை அப்படி நேர்ந்தால் அந்த முதியவரை ஆய்விலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் தருவது உங்கள் வேலையன்று என்று நான் சொன்னபோது, உங்களுக்கு இதில் வேலையே இல்லை என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அவர்களின் மறுப்பைக் கண்டுகொண்டு காப்பதே உங்கள் வேலை. அதை உங்கள் இல்லத்தில் இருப்பவர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய இயலாது.

காகிதங்களைப் பொறுத்தவரை மூன்றை நீங்கள் கேட்டுப் பெறலாம். புதிய மருந்தென்றால் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் பதிவு எண். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம். பதிவேடு 2007 முதல் இயங்குகிறது, 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். எண்ணை இணையத்தில் இட்டால் யார் பணம் தருகிறார்கள், எத்தனை பேர், எந்தெந்த ஊர்கள் என்பதை எவரும் பார்க்கலாம். அதில் உங்கள் ஊரோ, ஆய்வு நடக்கும் மருத்துவமனையோ இல்லையென்றால் காரணம் கேளுங்கள். நெறிமுறைக் குழு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஆய்வு நடக்கும் இடத்தில் சொந்தக் குழு இல்லாமல் வெளிக் குழு ஒன்று அனுமதி தருகிறது என்றால், அது அதே ஊரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ இருக்க வேண்டும் என்கின்றன 2019 விதிகள். தஞ்சாவூர்க் குழு உங்கள் இல்லத்துக்கு வந்து பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். சென்னைக் குழுவால் அது இயலாது, விதியின் நோக்கமும் அதுவே. குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும், மருத்துவம் அறியாத பொதுமகன் ஒருவரும் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் தொலைபேசி எண் விளக்கத் தாளில் இருக்கும். ஒருமுறை நீங்களே அழைத்துப் பேசிப் பாருங்கள். எடுத்துப் பேசுகிறார்களா என்பதிலிருந்தே நிறையத் தெரிந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தில் நாமினி என்று ஓர் இடம் உண்டு. ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு போய்ச் சேர வேண்டியவரின் பெயர் அது. 65 வயதைக் கடந்தவருக்கு அடிப்படைத் தொகையான 8 லட்சம் ரூபாயில், ஆய்வில் சேர்ந்தபோது அவருக்கிருந்த நோயின் தீவிரத்தைப் பொறுத்து அரை மடங்கு முதல் நான்கு மடங்கு வரை இழப்பீடு கணக்கிடப்படுகிறது. சிறிய தொகை அன்று. அந்த இடத்தில் எக்காரணம் கொண்டும் உங்கள் பெயரோ இல்லத்தின் பெயரோ எழுதப்படக்கூடாது. உங்கள் நேர்மையை நான் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை, நாளை ஒருவர் சந்தேகிக்க இடம் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஆய்வு தொடங்கிவிட்டால் உங்கள் இரவுகள் எப்படி இருக்கும் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். கடுமையான பாதிப்பு எதுவாயினும், அதாவது மரணமோ, மருத்துவமனையில் சேர்க்கும் நிலையோ ஏற்பட்டால், ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அவருக்குத் தெரிவிக்க வேண்டியவர் உங்கள் இரவுப் பணியாளர். இரண்டு மணிக்கு ஒரு பாட்டி கழிவறையில் விழுந்தால் யாரை அழைப்பது, அந்த எண்ணை யார் எடுப்பார், கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கா தஞ்சாவூருக்கா, வண்டிச் செலவு யாருடையது, உடன் யார் தங்குவது என்பவை அனைத்தும் எழுத்தில் இருக்கட்டும். முதியவர்களுக்கு மருந்தின் தீங்கு பெரிய அறிகுறியோடு வருவதில்லை. வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குவது, விழுங்கும்போது புரையேறுவது, இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, நடை தடுமாறுவது ஆகியவற்றை வயதின் மேல் போட்டுவிடாமல் ஒரு நோட்டில் நாளும் நேரமும் குறித்து வையுங்கள். இரவில் கலவரம் குறைந்துவிட்டது என்று எல்லோரும் மகிழும்போது, அவர் அமைதியாக இருக்கிறாரா அல்லது மயங்கிக் கிடக்கிறாரா என்பதை அந்த நோட்டுதான் சொல்லும். மருந்து பலன் தந்தால், ஆய்வு முடிந்த பின்னும் உங்கள் முதியவர்களுக்கு அது கிடைக்குமா என்ற கேள்வியையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

பாவம் என்று எழுதியிருந்தீர்கள். இவ்வளவையும் கேட்ட பிறகு அவர்கள் வேறு இல்லத்தைத் தேடிப் போய்விட்டால், நீங்கள் எந்த நல்ல மருந்தையும் தடுத்துவிடவில்லை. பலன் தருமா என்றே தெரியாததால்தான் அதைப் பரிசோதிக்கிறார்கள். பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னால், அவர்களை உள்ளே அனுமதிக்கத் தயங்காதீர்கள்.

அவர்கள் தரும் தமிழ் விளக்கத் தாளின் நகல் ஒன்றை, முதியவர்கள் யாருடைய பெயரும் இல்லாமல், எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு, உங்கள் ஆயாக்களுக்குப் புரியாத சொற்கள் எவை எவை என்று குறித்து அனுப்புகிறேன். அவற்றை மாற்றி எழுதிய பிறகு அவர்கள் உங்கள் முதியவர்களிடம் வரட்டும்.